22 லட்சத்துக்கு வாங்கிய 55 லட்ச ரூபாய் கார்

நாலரை வருஷம் ஒரு சொகுசு செடான் வைத்திருந்தேன். 2019 ஆகஸ்டில் வாங்கியது, 2024 பிப்ரவரியில் கொடுத்துவிட்டேன். விலை அதிகமான கார் வாங்கலாமா, அந்தக் காசுக்கு அது தகுமா என்று இப்போதும் மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள், பெரும்பாலும் என்னைப் போலச் சின்ன அளவில் தொழில் செய்பவர்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதற்குப் பதிலாகப் பழைய பில்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கம்பெனி பெயரும் மாடலும் இங்கே தேவையில்லை, கணக்கு மட்டும் போதும்.

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். 40 மெஷின். வெட்டின பீஸ் வரும், தைத்து, செக்கிங் பார்த்து, அயர்ன், பேக்கிங் முடித்து அனுப்புவோம். வாரம் ஒரு முறை கோவை, இடையில் ஈரோடு, கரூர், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சென்னை. பழைய கார் 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எனக்கு முதுகு வலி. 2018-ல் அப்பாவுக்கு பைபாஸ் நடந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொள்வதை நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்: எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் வாசலில் நிற்கும் கார்களுக்கு நடுவே என் கார் நிற்கும்போது, உள்ளே போய் ரேட் பேசுவதற்கு முன்பே ஒரு படி கீழே நிற்பதாக எனக்குத் தோன்றும். நல்ல கார் அதைச் சரிசெய்யும் என்று நினைத்தேன்.

புதிதாக வாங்க வசதி இல்லை. செகண்ட் ஹேண்டில் தேட ஆரம்பித்தேன். டெல்லி வண்டிகள் நம்ப முடியாத விலைக்கு வந்தன. அங்கே தலைநகர்ப் பகுதியில் டீசல் வண்டிக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்தான் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014-லும் 2015-லும் உத்தரவு போட்டு, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டதால், ஏழெட்டு வயசான டீசல் சொகுசு கார்களை அப்போது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த வண்டியை இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் மறுபடி சாலை வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் என்று நினைத்ததில் பாதி போய்விடும். அதனால் தமிழ்நாட்டு வண்டி மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

சென்னையில் ஒரு புரோக்கர் 17 லட்சத்துக்கு ஒரு வண்டி காட்டினார். கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தார்கள். கோவையிலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் இன்ஜினைத் திறக்கவே இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை இழுத்தார். சாதாரணமாக யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டோம். கடைசி ஒரு முழம் பெல்ட்டில் பழுப்பாக ஒரு கோடு, அதற்குக் கீழே முழுக்க மண் நிறம். விரலால் தேய்த்துக் காட்டினார், நுண்ணிய வண்டல் ஒட்டியது. "அண்ணா, இது 2015 டிசம்பர்ல தண்ணிக்குள்ள நின்ன வண்டி. வாங்க போலாம்" என்றார். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டமாகக் கழித்து ஏலத்தில் விட்டன, அவற்றில் சில இப்படி மறுபடி விற்பனைக்கு வந்தன. சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கார்பெட்டுக்குக் கீழே ஃபோம் ஈரமாக இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். எந்த வண்டி வாங்கினாலும் இதைப் பாருங்கள். சொகுசு காருக்கு இது இரண்டு மடங்கு முக்கியம், ஏனென்றால் அதில் சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்கு அடியிலும்தான் பாதி எலக்ட்ரானிக்ஸ் உட்கார்ந்திருக்கிறது.

கடைசியில் கோவையில் ஒரே ஓனர் வண்டி கிடைத்தது. 2015 மாடல் டீசல், 48,000 கிலோமீட்டர், எல்லா சர்வீஸ் பில்லும் கையில். அவர் வாங்கும்போது ஆன்ரோடு ஏறக்குறைய 55 லட்சம். எனக்கு 22 லட்சம். நான் 10 லட்சம் போட்டேன், 12 லட்சம் வங்கிக் கடன், 11.5 சதவீத வட்டி, நாலு வருஷம். 33 லட்சம் ரூபாய் நஷ்டத்தை முதல் ஓனர் சுமந்துவிட்டார், இனி இறங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. வாங்குகிற எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

அந்த வண்டி கொடுத்த சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாங்கிய மூன்றாம் நாள் அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். அவினாசி தாண்டும் முன்பே பின்சீட்டில் தூங்கிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு காரில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி எழுப்பினேன், "அதுக்குள்ள வந்தாச்சா?" என்றார். ரோடு அதே ரோடுதான், குழி அதே குழிதான். குழி வருவது தெரியும், சக்கரம் இறங்கி ஏறுவது தெரியும், ஆனால் உடம்புக்கு வந்து சேர்வது ஒரு தட்டு மாதிரிதான் இருக்கும், இடி இருக்காது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அப்படியே அடங்கிவிடும். சென்னைக்கு 460 கிலோமீட்டர் போய் இறங்கி நேராக மீட்டிங்கில் உட்கார முடிந்தது, பழைய காரில் போனால் ஒரு மணி நேரமாவது படுக்க வேண்டும். லாரியை முந்தும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்த நொடியில் வண்டி எடுத்துக் கொடுக்கும், எதிரே வண்டி வருகிற பைபாஸ்களில் அது உயிர்க் காப்பு. பிரேக் பிடித்தால் கோடு போட்டது போல நிற்கும். சீட் மட்டுமே தனிக் கதை, ஆறு மாதத்தில் என் முதுகு வலி பாதியானது. இதெல்லாம் வெறும் பெருமைக்கான சங்கதி என்று சொல்பவர்கள் அதில் நாலு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்ததில்லை.

சரி, இனி அடுத்த பக்கம்.

முதல் சர்வீஸில் பெரிய வேலை எதுவும் இல்லை, ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஃப்ளூயிட். பில் 46,000 ரூபாய். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. நான் கொடுத்தது 22 லட்சம், ஆனால் அந்தக் காருக்கு அது தெரியாது. அதன் ஃபில்டரும் பேடும் டயரும் லைட்டும் 55 லட்ச ரூபாய் காரின் ஃபில்டர், பேட், டயர், லைட். வண்டி பழசாகப் பழசாக விற்பனை விலை இறங்கிக்கொண்டே போகும், உதிரிப் பாகத்தின் விலை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும். நாலாவது ஓனர் 6 லட்சத்துக்கு வாங்கினாலும் அவர் போட வேண்டியது அதே ஹெட்லைட்தான். இந்த ஒன்றை வாங்குவதற்கு முன்பு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

2020-ல் பெரிதாக ஓடவில்லை, ஊரே அடங்கிக் கிடந்தது. 2021-ல் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு சென்னை போகும்போது கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு குழியில் முன்பக்கச் சக்கரம் இறங்கியது. டயரின் பக்கவாட்டில் வெட்டு. அந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. ரன்-ஃபிளாட் டயர், காற்று முழுக்கப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். ரோட்டோரத்தில் இருந்த பஞ்சர் கடைக்காரர், நல்ல அனுபவசாலி, டயரைக் கழற்றக்கூட இல்லை. வெட்டு வாயைப் பெருவிரலால் அழுத்தி, உள்ளே தெரிந்த நூலைக் காட்டி, "சைடுல போயிருச்சு சார், இதுக்கு வைத்தியமே கிடையாது" என்றார். 50 வேகத்தில் உருட்டி விழுப்புரம் வந்தோம். அந்த அளவு டயர் ஊரில் ஒரு கடையிலும் இல்லை. மனைவியையும் பிள்ளைகளையும் பஸ் ஏற்றிவிட்டு நான் லாட்ஜில் தங்கினேன். மறுநாள் சாயங்காலம் சென்னையிலிருந்து டயர் வந்தது. ஒன்று 24,000 ரூபாய், முன்பக்கம் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். முகூர்த்தம் முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகுதான் நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ரன்-ஃபிளாட் போட்ட வண்டி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக ஒரு ஸ்டெப்னியைச் சம்பாதித்து டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். இடம் அடைக்கும், பரவாயில்லை.

2022-ல் கியர் மாறும்போது லேசாக ஒரு உதறல் வர ஆரம்பித்தது. அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதியையே மாற்ற வேண்டும், 3,80,000 ரூபாய் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு அதே கோவை மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தார், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று டார்ச் அடித்துக் காட்டினார். வயரிங் போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ், அதைச் சுற்றி ரப்பர் சீல். சீல் காய்ந்து ஆயில் கசிந்துகொண்டிருந்தது, உள்ளே ஆயில் மட்டம் குறைந்ததால்தான் உதறல். ஆயில் வடித்தார், கருப்பாக வந்தது. இந்த ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனியின் கையேட்டில் இருக்கிறது, ஆனால் கியர்பாக்ஸைச் செய்து கொடுக்கிற கம்பெனி 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஸ்லீவ், சீல், ஃபில்டரோடு சேர்ந்தே வரும் பிளாஸ்டிக் ஆயில் பேன், ஆயில், ஸ்கேனரில் செட்டிங், கூலி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். விற்கும் வரை அந்த கியர்பாக்ஸில் ஒரு புகாரும் வரவில்லை. வாரண்டி முடிந்த சொகுசு கார் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு மெக்கானிக் இல்லை என்றால் அந்த வண்டியை வைத்திருக்கவே முடியாது. வண்டி தேடுவதற்கு முன்பு மெக்கானிக்கைத் தேடுங்கள். உங்கள் ஊரிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அப்படி ஒருவர் இல்லை என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது இந்த பில்கள் இல்லை. 2021 கடைசியில் நூல் விலை ஏற ஆரம்பித்து 2022-லும் ஏறிக்கொண்டே போனது, திருப்பூரில் இருந்த எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கும். ஆர்டர் எடுத்த கம்பெனிகள் திணறின, எங்களுக்கு வர வேண்டிய பேமெண்ட்டை இழுத்தன. ஜாப் ஒர்க்கில் சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆக வேண்டும், அதில் ஒரு நாள் கூடத் தள்ள முடியாது. காருக்குப் போட்ட அந்த 10 லட்சம் கையில் இருந்திருந்தால் நான் யாரிடமும் போயிருக்க மாட்டேன். 6 லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கினேன், 14 மாதம் கட்டினேன், வட்டி மட்டும் 1,68,000. கார் வாசலில் நிற்கிறது, நான் வட்டிக்காரர் வீட்டில் நிற்கிறேன். அந்தக் கார் எனக்குப் பெரிய இடத்து மதிப்பு வாங்கித் தரும் என்று நினைத்தேனே, அதுவும் நடக்கவில்லை. ரேட் பேசும்போது ஒரு மேனேஜர், "உங்களுக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கீங்க, பீஸுக்கு அம்பது பைசா கொறச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு லட்சம் பீஸுக்கு அது 50,000 ரூபாய்.

இன்னொன்று இருக்கிறது. அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு பின்பக்க டயர் இரண்டும் மாற்றினேன். யூனிட் வாசலில் வண்டியை நிறுத்தியபோது எங்களிடம் பதினோரு வருஷமாக ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தார். "புது டயருங்களா தம்பி? எவ்வளவு ஆச்சுங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஒன்று 24,000 என்றேன். கொஞ்ச நேரம் டயரையே பார்த்தார். "ரெண்டுக்கு நாப்பத்தெட்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வருஷம் பேமெண்ட் இழுத்ததால் போனஸை இரண்டு தவணையாகத் தருகிறேன் என்று நான் அவர்களிடம் முந்தின வாரம்தான் பேசியிருந்தேன். அவர் குத்திக் காட்டவில்லை, குத்திக் காட்டுகிற மனுஷியும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நகையை வைத்துப் போனஸை ஒரே தவணையாகக் கொடுத்தேன். காரைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்ததும் அந்த வாரத்தில்தான், ஆனால் கடன் முடியும் வரை காத்திருந்தேன்.

2024-ல் 9,25,000 ரூபாய்க்குப் போனது. மீட்டரில் 1,06,000. நான் ஓட்டியது 58,000 கிலோமீட்டர். வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் வித்தியாசம் 12,75,000. ஐந்து சர்வீஸ் 2,75,000. ஆறு டயர் 1,45,000. பிரேக் பேடும் டிஸ்க்கும் 1,10,000. கியர்பாக்ஸ் 85,000. சஸ்பென்ஷன் புஷ், ஆர்ம் 95,000. பேட்டரி 35,000. வாட்டர் பம்ப், கூலன்ட் பைப், ஏ.சி. இப்படிச் சில்லறை வேலைகள் 85,000. இன்சூரன்ஸ் 3,10,000. வங்கி வட்டி 3 லட்சம். கூட்டினால் 27,15,000. மாதத்துக்கு 50,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 47 ரூபாய், டீசல் சேர்க்காமல். டீசலும் சேர்த்தால் 53, 54 வரும். அதே தூரத்தை இன்னோவா வாடகைக்கு எடுத்து ஓட்டியிருந்தால், கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்தால், டீசல் உட்பட 11,60,000. டிரைவர் பேட்டா தனி. நகையை வைத்ததும் இரண்டு வட்டியும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார், செகண்ட் ஹேண்ட் வாங்கினதால்தான் இந்தத் தொல்லை, புதிதாக வாங்கினால்? அதையும் பார்த்துவிடலாம். இன்று ஷோரூம் விலை 60 லட்சம் என்று ஒரு பெரிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், அதற்கு முன்பு செஸ் சேர்த்து 50 வரை போனது. அந்த 60 லட்சத்துக்குள் ஜி.எஸ்.டி. மட்டும் 17 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம், 2023 நவம்பரில் ஏற்றினார்கள், அது ஒரு 12 லட்சம். ஆக 72 லட்சத்தில் 29 லட்சம் வரி. நீங்கள் ஓட்டிக்கொண்டு போவது உண்மையில் 43 லட்ச ரூபாய் கார்தான். விற்கப் போகும்போது வாங்குகிறவர் வரிக்குத் தனியாகக் காசு தர மாட்டார். சொகுசு கார் விலை முதல் மூன்று நாலு வருஷத்தில் ஏன் அப்படிச் சரிகிறது என்பதற்குப் பாதி காரணம் இதுதான். 10 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள், அதை மட்டும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கம்பெனி பேரில் வாங்கினால் வரி மிச்சம் என்று ஷோரூமில் சொல்வார்கள். என் ஆடிட்டர் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். நாங்கள் ஓட்டுகிற மாதிரி பயணிகள் காருக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை இன்புட்டாக எடுக்க, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது, சட்டத்திலேயே அடைத்துவிட்டார்கள். தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம் செலவாக எழுதலாம், மீதி இருப்பதன் மேல்தான், அதுவும் வாங்கிய வருஷம் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த வருஷம் பாதிதான். 30 சதவீத வரி கட்டுகிறவராக இருந்தாலும் 100 ரூபாய் தேய்மானத்தில் மிச்சம் 30 ரூபாய், 70 ரூபாய் நம்முடையது போனது போனதுதான். வரி மிச்சத்துக்காகக் கார் வாங்குவது என்பது கிடையவே கிடையாது.

அப்படியானால் யாருக்கும் வேண்டாமா என்றால், இல்லை. கரூரில் எனக்கு மாமா முறை ஒருவர், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி. புதிதாகவே வாங்குவார், கடன் வாங்க மாட்டார், சர்வீஸ் பேக்கேஜும் கூடுதல் வாரண்டியும் முதல் நாளே எடுத்துவிடுவார். வருஷம் 40,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். "வாரண்டி முடியறதுக்கு ஆறு மாசம் இருக்கறப்பவே கை மாத்திருவேன் மாப்ளே, நட்டம் எவ்வளவுன்னு வாங்கும்போதே எழுதி வச்சுருவேன்" என்பார். அவருக்கு அந்தக் கார் தகும். வாழ்க்கையில் நிறைய நேரம் ரோட்டில் போகிறவர், அந்த நட்டம் அவர் தொழிலில் ஒரு நல்ல மாதத்து லாபத்துக்குள் அடங்கிவிடும். சாதாரணமாக நான் கேட்பவர்களிடம் சொல்லும் அளவு இதுதான்: வண்டி புதிதாக என்ன விலையோ அதில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் எடுத்துத் தனியாக வைக்க முடிந்தால், அதுவும் தொழில் பணத்தைத் தொடாமல் வைக்க முடிந்தால், வாங்குங்கள். இது நான் என் பில்களிலிருந்து எடுத்த கணக்கு. 55 லட்ச ரூபாய் காருக்கு 5,50,000. எனக்கு ஆனதும் ஏறக்குறைய வருஷத்துக்கு 6 லட்சம்தான், வாங்கிய விலை 22 லட்சமாக இருந்தும்.

பாதுகாப்புக்காக வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒன்று. பத்து வருஷத்துக்கு முன்பு அது நியாயமான வாதம். 2018-ல் டாடா நெக்ஸான் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகு நிலைமை மாறிவிட்டது, இன்று 10, 15 லட்சத்திலேயே ஐந்து நட்சத்திர வண்டிகள், ஆறு ஏர்பேகோடு கிடைக்கின்றன. 2022 செப்டம்பர் 4 அன்று டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் பால்கர் அருகே விபத்தில் இறந்தது விலை உயர்ந்த சொகுசு காரில்தான். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இரண்டு பேர் இறந்தார்கள், முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் பிழைத்தார்கள். அன்றிலிருந்து என் வண்டியில் பின்சீட்டில் உட்கார்பவர் பெல்ட் போடாமல் நான் சாவியைத் திருப்புவதில்லை, அப்பா உட்பட.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஐ.டி.வி. என்கிற மதிப்பு நாலு வருஷம் தாண்டும்போது 50 சதவீதம் கழிந்துவிடும், வண்டி முழு நஷ்டமானால் அதுதான் கைக்கு வரும், பாக்கிக் கடன் அதைவிட அதிகமாக இருந்தால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும். அப்புறம், மழைத் தண்ணீரில் நின்றுபோன வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசியில் அது வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளி வெளியே கொண்டுவந்து டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது நம் நாட்டுக் கம்பெனி எஸ்.யூ.வி., 2024 மார்ச்சில் புதிதாக வாங்கியது, ஆன்ரோடு 27 லட்சம். இதுவரை சர்வீஸுக்கு ஆனது 38,000. டயர் போனால் ஸ்டெப்னி இருக்கிறது, ஸ்டெப்னியும் போனால் எந்த ஊரிலும் கிடைக்கிறது. ஆனால் பழைய வண்டி மாதிரி இல்லை. கோவை போகும்போது அப்பா இதில் தூங்குவதில்லை. குஷன் ஒன்று முதுகுக்கு வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒரு நாள், "அது நல்ல வண்டிடா" என்றார், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவருக்காகவாவது வைத்திருந்திருக்கலாமோ என்று எனக்கு இப்போதும் சில நாள் தோன்றும்.

போன வாரம் என் சித்தப்பா மகன் வந்தான். 18 லட்சத்துக்கு ஒரு சொகுசு கார் பார்த்து வைத்திருக்கிறான், 60,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், கருநீல நிறம். கண்ணில் அவ்வளவு ஆசை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்படும்போது மற்றவர் சொன்னால் கேட்க வராது, எனக்கும் வரவில்லை. அவனையே அந்தக் கம்பெனி பார்ட்ஸ் கவுண்டருக்கு போன் போட வைத்தேன். வலது பக்க ஹெட்லைட் என்ன விலை, முன்கண்ணாடி என்ன விலை, நாலு டயர் என்ன விலை, மூன்றே கேள்வி. மேஜையில் கிடந்த டெலிவரி சலான் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினான். கூட்டியதில் 4 லட்சத்தைத் தாண்டியது. மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தான். "அண்ணா, அந்த மெக்கானிக் நம்பர் குடுங்க, அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சலானை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.